ரெண்டு பக்கமும் பொன்னு

அட, அந்தச் சேர் வேண்டாமுங்கக்கா, அதுல கால் ஒண்ணு ஒடிஞ்சிருக்குது. இதுல உக்காருங்க. இறகு கெடக்குதேன்னு பாக்காதீங்க. காடைப் பண்ணையில இறகு இல்லாத எடம்னா சாமி படத்துக்குப் பின்னாடி மட்டுந்தான், தேடுனா அங்கயும் கெடைக்கும். டீ குடிக்கறீங்கல்ல? சக்கரை போடலாமுங்களா? போடலாம், சரி.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. பொண்ணு பாக்க நாங்க வந்துட்டுப் போயிட்டோம், இப்ப மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க நீங்க வந்திருக்கீங்க. விசாரிக்கணும். விசாரிக்காம யாராச்சும் பொண்ணைக் குடுப்பாங்களா? பஸ்ஸை விட்டு எறங்குனதும் முக்குல இருக்கற டீக்கடையில ரெண்டு வார்த்தை கேட்டிருப்பீங்க. "அந்தக் காடைக்காரம்மா வீடா? மொத மருமகளைத் தொரத்தி உட்டவளாச்சே"ன்னு சொல்லியிருப்பான். சொல்லட்டும். அவன் வாயில நல்லது வந்து இன்னும் நான் பாத்ததில்லை. அவன் சொன்னதுக்கு மேல நானே சொல்லிப்போடறேன். வளர்மதிக்குப் பெரியம்மாவா வந்திருக்கீங்க, அப்பா இல்லாத பொண்ணுக்கு நீங்கதான் எல்லாம்னு தரகர் சொன்னார். உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?

அந்தக் கூண்டைப் பாருங்க. அதா, அந்தக் கோடியில. என்ன நெறம் பாத்தீங்களா? கோதுமை ரவையை நெய்யில வறுத்தா ஒரு நெறம் வருமே, அதுதான். அதுக்குப் பேரு பொன்னுக் காடை. ஊருல எல்லாரும் வளக்கறது பழுப்புக் காடை, காஞ்ச புல்லுல உட்டா எது காடை எது புல்லுன்னு தெரியாது. கறிக்குப் போறது அது. இது அழகுக்குப் போறது. ஜோடி வேணும்னு கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் காரு போட்டுக்கிட்டு வருவாங்க. எங்கூட்டுக்காரர் இருந்தப்ப பெங்களூர் பக்கம் போயிட்டு ஒரு அட்டைப்பெட்டியில கொண்டாந்தார். பெட்டியைத் தொறந்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அப்படி ஒரு அழகு.

ஆனா அந்த மனுசன் என்ன பண்ணுவார் தெரியுங்களா? சேவல் பொன்னு வெப்பார், பொட்டை மட்டும் பழுப்பு வெப்பார். எப்பவும். ஒரு கூண்டுல ஒரு பொன்னுச் சேவல், கூட மூணு நாலு பழுப்புப் பொட்டை. குஞ்சு பொரிச்சா பாதி பொன்னு, பாதி பழுப்பு. எனக்கு வயிறு எரியும். "பாதி வீணாப் போகுதே, பொட்டையும் பொன்னா வெச்சா என்ன?"ன்னு கேப்பேன். "பழுப்பு இருந்தாத்தான் பொன்னு நிக்கும், ருக்கு"ன்னு சொல்லிப்போட்டு பீடியைப் பத்த வெச்சுக்குவார். அதுக்கு மேல அந்த வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. அவர் வெவரம் அவ்வளவுதான். நல்ல மனுசன், ஆனா பயந்தாங்கொள்ளி.

அவர் மாரடைப்புல போயிட்டாருங்க. போன கையோட, வருசம் திரும்பறதுக்குள்ள பையனுக்குக் கல்யாணம் முடிக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. நான் ரோசனை பண்ணினேன். புது மருமக வர்ற வீடு, பண்ணையும் புதுசா இருக்கட்டும். பழுப்புப் பொட்டை அத்தனையும் புடிச்சு ஓட்டலுக்கு ஏத்தி உட்டுட்டேன். ஒண்ணு மிச்சம் வெக்கலை. பொன்னுக்குப் பொன்னு ஜோடி சேத்தேன். ரெண்டு பக்கமும் பொன்னு. அப்ப வர்ற குஞ்சும் அத்தனையும் பொன்னாத்தானே வரணும்? நீங்களே சொல்லுங்கக்கா, இதுல என்ன தப்பு இருக்குது? பால்ல தண்ணி கலக்காதன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு வேணுமா?

அந்த மாசந்தான் சாருமதி வந்தா.

பொண்ணு பாக்கறதுக்கு லச்சணமா இருந்தா, அதைச் சொல்லாம இருக்க முடியாது. காலேஜுல விலங்கியல் படிச்சவ. அவங்க குலத்துக்குப் பேரு காடை கூட்டம். நாங்க வேற கூட்டம். அவங்க அப்பா காடைக்கறி தொடமாட்டார், அவங்க கூட்டத்துப் பேரே அதுங்கறதால அந்த வீட்டுல அது ஆகாதாம். நான் சந்தோசமாத்தான் இருந்தேன். காடைப் பண்ணைக்கு காடை கூட்டத்துப் பொண்ணு, இதை விடப் பொருத்தம் எங்க கெடைக்கும்னு சொந்தபந்தம் ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சேன். மறுவீடு முடிஞ்சு வந்த அன்னிக்கே அவ கையில மஞ்சளைக் குடுத்து, மொத தட்டு முட்டையைக் குஞ்சு பொரிக்கற மெஷினுக்குள்ள அவளையே வெக்கச் சொன்னேன். எங்க பக்கம் அப்படித்தானுங்க. புதுசா வந்தவ கைராசி எப்படின்னு மொதல்ல முட்டையிலதான் பாப்போம். அடை வெக்கறதுக்குன்னு ஒரு கை இருக்குது, எல்லாருக்கும் அது அமையாது.

பதினெட்டாம் நாளு தட்டைத் தொறக்கறேன், நாலுல ஒண்ணு பொரியவே இல்லைங்க.

எங்கூட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஒரு தட்டுல அஞ்சாறு முட்டை கூமுட்டையாப் போகும், அது எல்லா எடத்துலயும் போறதுதான். இப்படி நாலுல ஒண்ணு போனதில்லை. ஒடைச்சுப் பாத்தா உள்ள குஞ்சு உருவமே இல்லை. கலங்குன தண்ணி, ஒரு ரத்தக் கீத்து, அவ்வளவுதான். அதோட நிக்கலை. பொரிச்சதுலயும் மூணுல ஒண்ணு பழுப்பு! ரெண்டு பக்கமும் பொன்னு வெச்சிருக்கேன், பழுப்பு எங்கிருந்து வரும்? சொல்லுங்க, எங்கிருந்து வரும்?

சரி, மொத தட்டு, போகட்டும்னு உட்டேன். அடுத்த தட்டு, அதுக்கு அடுத்த தட்டு. அதே கதை. நாலுல ஒண்ணு ஓட்டுக்குள்ளயே போயிரும், பொரிஞ்சதுல மூணுல ஒண்ணு பழுப்பு. கணக்கு வெச்சுக் கொல்ற மாதிரி. மெஷின்காரனைக் கூட்டியாந்து காட்டுனேன், சூடு சரியா இருக்குதுன்னான். தீவனத்தை மாத்துனேன். கால்நடை டாக்டர்கிட்டப் போனேன், அவர் தடுப்பு மருந்து ஒண்ணை எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அப்புறம் ஒக்காந்து நிதானமா ரோசனை பண்ணினேன். மெஷின் அதே மெஷின். தீவனம் அதே தீவனம். தண்ணி அதே போர் தண்ணி. இந்த வீட்டுல புதுசா வந்தது என்ன?

கோவப்படாதீங்கக்கா. நான் எடுத்ததும் அவ மேல பழியைப் போடலை. மொதல்ல அன்பாத்தான் சொன்னேன். "கண்ணு, வீட்டுக்குத் தூரமா இருக்கறப்ப மெஷின் பக்கம் போகாத, முட்டைக்கு அது ஆகாது"ன்னு சொன்னேன். "நான் போறதே இல்லைங்க அத்தை"ன்னா. அந்த நாளுல தீவனக் கொட்டாயிலயே இருந்துக்கன்னு சொன்னேன், இருந்தா. பாயும் சொம்பும் குடுத்தேன், சாப்பாடு நானே கொண்டு போயி வெச்சேன், ஒரு கொறை வெக்கலை. அப்பவும் நாலுல ஒண்ணு. அதுக்கப்பறம் நாளு கணக்கே பாக்காம தெனமும் அங்கயே படுக்கச் சொல்லிட்டேன். பழுப்பு எப்படி வருதுன்னு கேட்டேன். கூண்டைச் சுத்தம் பண்ணறப்ப எங்கயாவது பழுப்புச் சேவலை உள்ள உட்டுட்டியான்னு கேட்டேன். "வளந்த பழுப்புச் சேவல் பண்ணையிலயே இல்லீங்களே அத்தை"ன்னா. நேருக்கு நேரா கண்ணைப் பாத்துப் பதில் சொல்லுவா. அதுதான் எனக்கு ஆகாது.

டீ ஆறிப்போகுது, குடிங்க.

அப்பறம் அவ ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டா. பொரியாத முட்டையை நான் தூக்கிக் குழியில கொட்டுவேன், அவ அதைப் பொறுக்கி ஒரு பேசின்ல போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்து ஒண்ணொண்ணா ஒடைச்சுப் பாப்பா. போன்ல என்னமோ படிப்பா. மறுபடியும் ஒடைப்பா. நல்ல பொண்ணு பண்ற வேலையா இது? நாத்தம் வீடு பூராவும் அடிக்கும். ஒரு நாள் கேட்டே போட்டேன், "இதுல என்னத்தத் தேடற?"ன்னு. பேசினை அப்படியே என் முன்னாடி நகத்தி வெச்சுட்டுச் சொன்னா, "நீங்க தேடற சுத்தப் பொன்னு இதுதானுங்க அத்தை."

எனக்குப் புரியலை. உக்கார வெச்சுச் சொன்னா. சின்னப் புள்ளைக்குப் பாடம் எடுக்கற மாதிரி, கையில ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு. ஒவ்வொரு குஞ்சுக்கும் நெறம் ரெண்டு பங்கா வருதாம், அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணு. ஒரு பங்கு பொன்னும் ஒரு பங்கு பழுப்புமா வந்தா பாக்கறதுக்குப் பொன்னா இருக்குமாம். ரெண்டும் பழுப்பா வந்தா பழுப்பு. ரெண்டுமே பொன்னா வந்துட்டா அது உசுரோட வர்றதே இல்லையாம், ஆரம்பத்துலயே முட்டைக்குள்ள செத்துருமாம். "நம்மகிட்ட உசுரோட இருக்கற ஒவ்வொரு பொன்னுக்குள்ளயும் ஒரு பழுப்பு இருக்குதுங்க அத்தை. அதனாலதான் அது உசுரோட இருக்குது. மாமா தெரிஞ்சுதான் பழுப்புப் பொட்டை வெச்சிருந்திருக்கார்."

எம் பொன்னுக்குள்ள பழுப்பு இருக்குதாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பேசினைத் தூக்கி வீசியிருப்பேன். பொறுத்துக்கிட்டேன். "அப்ப சுத்தமா இருந்தா சாகணும், கலந்து கெடந்தா வாழணும், அதானே நீ சொல்றது?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா? "நாமளே ஒரே கூட்டத்துக்குள்ள குடுத்து வாங்கறதில்லீங்களே அத்தை. ஒரே கூட்டம்னா பங்காளின்னு வேற கூட்டம் தேடித்தான போறோம். நான் காடை கூட்டம், நீங்க வேற. அது மாதிரின்னு நெனச்சுக்கோங்க."

பாத்தீங்களா வாயை? மனுசங்களையும் காடையையும் ஒண்ணா நிறுத்தறா. கூட்டம் பாத்துக் கட்டறது கோயில் சமாச்சாரம், சாமி சமாச்சாரம். இப்ப உங்க கூட்டம் வேற எங்க கூட்டம் வேறன்னு மொதல்ல கேட்டுட்டுத்தானே நான் பொண்ணு பாக்கவே வந்தேன்? அது வேற. பறவைக்கு ஏதுங்க கூட்டம்? எகத்தாளம் பேசறான்னு எம்பையன்கிட்டச் சொன்னேன். தரணி அவன் அப்பா மாதிரி, வாயில கொழுக்கட்டை. நாங்க ரெண்டு பேரும் பேசறப்ப நடுவுல எந்திரிச்சுப் போயி தீவன மூட்டையை அடுக்குவான்.

அப்பறந்தான் அவ ஒரு பந்தயத்துக்கு வந்தா. பந்தயம்னு சொல்லக் கூடாது, கெஞ்சிக் கேட்டான்னு சொல்லணும். பொரிச்ச பழுப்புக் குஞ்சை வளத்துக் கறிக்கு ஒதுக்கியிருந்தேன், அந்தக் கூண்டுல இருந்து பொட்டையாப் பாத்து எடுத்துக்கிட்டா. ஒரு பொன்னுச் சேவலை அதுங்ககூட உட்டா. "அத்தை, உங்க முட்டை ஒரு தட்டு, இந்தக் கூண்டு முட்டை ஒரு தட்டு. ஒரே மெஷின், ஒரே நாளு. ரெண்டையும் என் கையாலயே வெக்கறேன். என் கைதான் காரணம்னா ரெண்டுலயும் ஒரே மாதிரி சாகட்டும். அப்படிச் செத்தா நான் இனி வாயே தொறக்கலை, எங்கப்பா வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போயிக்கறேன். அப்படி இல்லீன்னா இனிமே என்னையக் கொட்டாயில படுக்க வெக்காதீங்க." அவ்வளவுதான் கேட்டா. சரின்னு ஒத்துக்கிட்டேன். எனக்கென்ன பயம்?

அதையும் முறையாத்தான் பண்ணினேன். எங்க பெரிய மச்சாண்டாரைக் கூப்பிட்டேன், எங்கூட்டுக்காரருக்கு மூத்தவர், அவர் சொன்னா ஊரே கேக்கும். அவர் முன்னாடி கற்பூரம் ஏத்தி அவ கையால ரெண்டு தட்டையும் உள்ள வெச்சா. பென்சில்ல அவ முட்டைக்கு மட்டும் ஒரு புள்ளி வெச்சுக்கிட்டா. அந்தப் பதினேழு நாளும் மெஷின் ரூம்பு சாவி என் இடுப்புலதான். தட்டைத் திருப்பி வெக்கறதும் நானேதான். ஒரு ஈ காக்கா உள்ள போகலை.

தொறக்கற அன்னிக்கு பெரியவரும் வந்து இதே எடத்துல, நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்திருந்தார். எம்பையன் அந்தத் தூணுகிட்ட நின்னான். மொதல்ல என் தட்டைத் தொறந்தேன். நாலுல ஒண்ணு, அதே மாதிரி. அப்பறம் அவ தட்டு. தட்டு பூராவும் குஞ்சு. கீச்சு கீச்சுன்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. பொன்னு பாதி, பழுப்பு பாதி. ரெண்டோ மூணோ முட்டைதான் பொரியாம நின்னுச்சு.

அவ மொகத்தைப் பாக்கணுமே! வந்த நாளுல இருந்து அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. கண்ணுல தண்ணி. ஒரு பொன்னுக் குஞ்சைக் கையில எடுத்துக்கிட்டு எம்பையன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? பாத்துட்டீங்கல்ல?"ன்னு கேட்டா.

பெரியவர் தாடியைத் தடவிக்கிட்டு என்னையப் பாத்தார். அப்பத்தான் எனக்குப் பளிச்சுனு வெளங்குச்சு. அதைக் கடவுள் குடுத்த புத்தின்னுதான் சொல்லணும். நான் எந்திரிச்சு நின்னு கேட்டேன்: "ரெண்டு தட்டையும் வெச்சது யாரு கை?"

"என் கைதானுங்க அத்தை. அதைத்தானே..."

"ஒரே கை. ஒரே மெஷின். ஒரே நாளு. உன்ற தட்டுன்னு வந்ததும் ஒண்ணு சாகலை. என்ற தட்டுன்னா நாலுல ஒண்ணு சாகுது. அப்ப வேணும்னு நெனச்சா உன்னால பொரிக்க வெக்க முடியும். வேண்டாம்னு நெனச்சா சாகடிக்கவும் முடியும். இத்தனை நாளு என் வீட்டுக் குஞ்சை ஓட்டுக்குள்ளயே கொன்னது யாருன்னு நீயே எல்லாரு முன்னாடியும் காட்டிப்போட்ட!"

பெரியவர் மெதுவாத் தலையை ஆட்டுனார். "அம்மணி கேக்கறது நாயந்தானேப்பா"ன்னார்.

அவ கையில அந்தக் குஞ்சு கத்திக்கிட்டே இருக்குது. எம்பையனைப் பாத்து, "நீங்க சொல்லுங்க. நான் வெளக்கிச் சொன்னேன்ல, உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல? நீங்க சொல்லுங்க"ன்னா. அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான், "அம்மா சொல்றதும் சரியாத்தானே இருக்குது சாரு." எம்பையன் என் பேச்சைத் தட்டமாட்டான், அதை நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாக்கலாம்.

அப்பத்தான் அவ சொல்றா, "எனக்கு ரெண்டு மாசமா நாளு தள்ளியிருக்குதுங்க அத்தை. இந்த ரெண்டு மாசமா தீட்டுன்னு ஒண்ணே கெடையாது. அப்பவும் உங்க முட்டை அதே மாதிரிதானே செத்துச்சு? இப்பவாச்சும் நம்புங்க."

நல்ல சேதியை எந்த நேரத்துல சொல்றா பாருங்க! என்ற முதப் பேரன் சேதியை, சண்டையில ஜெயிக்கறதுக்கு எடுத்து வீசறா. எனக்குச் சந்தோசப்படவும் தெரியலை, அழுகவும் தெரியலை. மாமியாகிட்ட ரெண்டு மாசம் மறைச்சிருக்கா. "கொட்டாயில படுக்க வெச்சீங்களே, எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்"னு ஒரு சாக்கு. பெரியவர் சொன்னார், வயித்துல ஒண்ணும் மெஷின்ல ஒண்ணுமா ஒரே கூரைக்கடியில ரெண்டும் வளரவேண்டாம், ஒண்ணை ஒண்ணு தின்னுரும், பொண்ணு அப்பா வீட்டுல கொஞ்ச நாளு இருக்கட்டும்னு. அவரே சொல்லிட்டார். அதுக்கு மேல நான் என்ன பண்ண?

அன்னிக்குச் சாயங்காலம் ஓட்டலுக்குக் காடை ஏத்தறதுக்குக் குட்டியானை வண்டி வந்துச்சு. அவங்க ஊர் வழியாத்தான் போகும். அவளோட பழுப்புப் பொட்டையெல்லாம் எதுக்கு இனின்னு அதையும் புடிச்சுக் கூண்டுல ஏத்தச் சொன்னேன். அந்தச் சேவலை மட்டும் எடுத்துக்கிட்டேன், பொன்னுல்ல. முன்னாடி சீட்டுல பெரியவர் உக்காந்துட்டார், அவருக்கு மூட்டுவலி, பாவம். இவ பின்னாடி கூண்டோட கூண்டா ஏறி உக்காந்துக்கிட்டா. ஏறறப்ப எம்பையன் கையைப் புடிச்சு ஏத்தி உட்டான். அவ கையை உருவிக்கிட்டா, அப்பேர்ப்பட்ட திமிரு.

நம்ம ரோடுதான் உங்களுக்குத் தெரியுமே. வர்றப்ப பாத்திருப்பீங்க. காங்கேயம் ரோட்டைப் புடிக்கற வரைக்கும் பூராவும் குழி. போயிச் சேர்றதுக்குள்ளயே வயித்து வலி வந்துருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கரு நிக்கலை.

போன்ல அவங்கப்பா அழுதுக்கிட்டே சொன்னார். நானும் அழுதேனுங்கக்கா, என்னைய என்னன்னு நெனச்சீங்க? என் ரத்தமில்லையா? பூஜை ரூம்புல உக்காந்து அழுதேன். அழுதுட்டு இருக்கறப்பவே மனசுல ஓடுது, பாரு, அன்னிக்கே சொன்னேனே, இவகிட்ட எதுவும் பொரியாது, அதுவும் ஓட்டுக்குள்ளயே போயிருச்சே. இதை எம்பையன்கிட்டயும் சொன்னேன். மனசுல இருக்கறதை மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. அவன் என்னையவே பாத்தான். அப்பறம் எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

அதுக்கப்பறம் அவ வரலை. இவன் ஒரு தடவை போனான், வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. கோர்ட்டுல ரெண்டு பேரும் சம்மதமாக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, ஒரு ஓரியாட்டம் இல்லை, ஒரு வில்லங்கம் இல்லை. காகிதம் எல்லாம் சுத்தமா இருக்குது, நீங்க வக்கீலை வெச்சுக்கூடப் பாத்துக்கலாம்.

என்னங்க கேட்டீங்க? பையன் எங்கயா? கொட்டாயில இருப்பான். ஆமாங்க, அந்தத் தீவனக் கொட்டாய்தான். படுக்கையும் அங்கதான் இப்ப. அவ வெச்சிருந்த பாயிலயே படுத்துக்கறான். சோறு வெளியவே தின்னுக்கறான், என்கூடச் சரியாப் பேசறதில்லை. நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லி உட்டேன், வருவான். வரலைன்னாலும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ஆம்பளைப் பசங்க வெசனத்துல கொஞ்ச நாளு அப்படித்தான் இருப்பாங்க. ஒருத்தி வந்து வெளக்கேத்துனா சரியாயிரும்.

ஒரே ஒரு கொறைதானுங்க இப்ப. உங்ககிட்ட ஒளிக்கலை. அவ போயும் முட்டை சாகுது. அதே நாலுல ஒண்ணு. மூணுல ஒண்ணு பழுப்பு. மெஷினையே மாத்திட்டேன். ரூம்பு பூராவும் மஞ்சத்தண்ணி தெளிச்சேன், அய்யரைக் கூட்டியாந்து ஓமம் வளத்தேன். ம்ஹூம். அவ கை பட்டது அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க இந்த வீட்டுல. ஒருத்தி கையால போனது இன்னொருத்தி கையாலதான் தீரணும். பெரியவரும் அதைத்தான் சொல்றார். அதுக்காகத்தான் இந்தக் கல்யாணத்துக்கு இவ்வளவு அவசரப்படறேன். இல்லீன்னா எனக்கென்ன, அவனா கட்டிக்கறேன்னு கேட்டான்?

வளர்மதியை எனக்குப் புடிச்சிருக்குது. அதிகமாப் பேசலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டே காப்பி குடுத்துச்சு. முப்பது தாண்டிருச்சு, பின்னாடி ரெண்டு தங்கச்சிங்க காத்துக்கிட்டிருக்குதுங்கன்னு தரகர் சொன்னார். உங்களுக்கும் இதை விட்டா வேற வழியில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. அதை நான் கொறையாச் சொல்லலை. எனக்கு நகை வேண்டாம், சீரு வேண்டாம். மண்டபச் செலவும் என்னுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கணும். கை.

இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

இந்தாங்க, காடை முட்டை. இன்னிக்கு வெடியாலதான் எடுத்து வெச்சேன். உமி போட்டுத்தான் அடுக்கியிருக்குது, கூர் முனை கீழ இருக்கற மாதிரி. உங்க வீட்டுல நாட்டுக்கோழி அடைக்கு இருக்குதுன்னு அன்னிக்குப் பாத்தேன். அதுக்கடியில வளர்மதி கையாலேயே இதை வெக்கச் சொல்லுங்க. குளிச்சுட்டு, கெழக்கப் பாத்து. வேற யாரும் தொடக்கூடாது. பொரிச்சதும் ஒரு போன் போடுங்க. ஒண்ணுகூடச் சாகாம அத்தனையும் வந்துச்சுன்னா அந்த வாரமே நிச்சயம் பண்ணிரலாம். செத்துச்சுன்னா... அதை அப்பப் பாத்துக்கலாம். நல்லதையே நெனப்போம்.

ஏனுங்க, கீழ வெக்கறீங்க? மடியில வெச்சுக்கோங்க. பஸ்ஸுல குலுங்காமப் பாத்துக்கோங்க, நம்ம ரோடு மோசம்.

சந்தேகமே வேண்டாமுங்கக்கா. உங்க பொண்ணுக்குன்னு நல்லதாப் பாத்துத்தான் பொறுக்கியிருக்கேன். ஒரு பழுப்புக் கலப்பு இல்லை. ரெண்டு பக்கமும் பொன்னு.